கச்சத்தீவு அந்தோனியார் திருவிழா: விசா இல்லாத எல்லைப் பயணம் பற்றித் தெரிந்தவர்கள் பகிருங்கள்

பாம்பன் காற்று

பாஸ்போர்ட் வேண்டுமா என்று வருஷா வருஷம் யாராவது கேட்கிறார்கள். வேண்டாம், விசாவும் வேண்டாம். அதற்காக வெறுங்கையோடு ஜெட்டிக்குப் போய்விட முடியாது. ராமேஸ்வரம் வேர்க்கோடு சூசையப்பர் ஆலயத்தில் முன்கூட்டியே விண்ணப்பம் கொடுக்க வேண்டும். ஆதார் நகல், போட்டோ, உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் குற்ற வழக்கு இல்லை என்று வாங்கிய சான்று, அரசு ஊழியர் என்றால் துறையின் தடையில்லாச் சான்று. போலீஸ் சான்றுதான் இழுக்கும், அதை முதலில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஆதாரில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். இனிஷியல் முன்னே பின்னே போனாலும் வரிசையில் ஓரங்கட்டி நிறுத்துவார்கள். கரையில் போலீஸ், சுங்கம், கடலோரக் காவல் படை என்று வரிசையாகச் சோதனை. லைஃப் ஜாக்கெட் கட்டாயம். படகில் வலை கிடக்கக் கூடாது. கடல் எல்லைக்கோடு தீவுக்கு மேற்கே ஒரு மைலில் ஓடுகிறது. வலையோடு அதைத் தாண்டினால் திருவிழாப் படகு என்ற பேச்சே எடுபடாது.

நாட்டுப்படகுக்கு அனுமதி உண்டா என்பது கோர்ட் வரைக்கும் போன விவகாரம். அந்தந்த வருஷ உத்தரவைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

சட்டப்புள்ளி

விசா வேண்டாம் என்பது யாரும் போட்ட பிச்சை இல்லை. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட கடல் எல்லை ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு அது. இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்கு வந்து போகலாம், அதற்கு இலங்கை பயண ஆவணமோ விசாவோ கேட்காது. ஆனால் அந்தப் பிரிவு தனித்து நிற்கவில்லை. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் முழு இறையாண்மை என்று 4ஆம் பிரிவு சொல்வதற்கு உட்பட்டுத்தான் இது. மேடையில் பேசுபவர்கள் 5ஐ மட்டும் வாசித்துவிட்டு 4ஐ விழுங்கிவிடுவார்கள்.

1976 மார்ச்சில் இரண்டு அரசும் மாற்றிக்கொண்ட கடிதங்களில், ஒருவர் கடலில் மற்றவர் அனுமதியின்றி மீன் பிடிக்கக் கூடாது என்று வந்துவிட்டது. யாத்திரையை அந்தக் கடிதங்கள் தொடவே இல்லை. மீனவனாகப் போனால் கைது, பக்தனாகப் போனால் வரவேற்பு என்ற இன்றைய நிலை அங்கிருந்து வந்ததுதான். ஆள் ஒருவனே, படகும் பல நேரம் அதேதான்.

நெடுந்தீவான்

இலங்கையில எங்கட பக்கம் எப்படி நடக்குது எண்டு சொல்லுறன். யாழ் மாவட்டச் செயலகத்தில முன்னாயத்தக் கூட்டம் வைப்பினம். ஆயர் இல்லம், நெடுந்தீவுப் பங்கு, பிரதேச செயலகம், கடற்படை, இந்தியத் துணைத்தூதரகம் எல்லாரும் இருப்பினம். இந்தியாவில இருந்து எத்தினை பேர், இஞ்சயிருந்து எத்தினை பேர் எண்ட கணக்கு அங்கதான் முடிவாகும். எங்கட சனம் குறிகட்டுவான் இறங்குதுறையில படகேறும். முதல் நாள் கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில தேர்ப்பவனி. அடுத்த நாள் காலமை திருப்பலி, கொடியிறக்கம், உடன திரும்பவேணும்.

285 ஏக்கர் தீவில நல்ல தண்ணி கிடையாது, குடியிருக்கிற சனமும் இல்லை. குடிதண்ணி, தற்காலிக மலசலகூடம், லைட் எல்லாத்துக்கும் கடற்படையைத்தான் நம்பவேணும். 2016 டிசம்பரில திறந்த புதுக் கோயிலைக் கட்டினதும் அவைதான். எல்லை தாண்டுற ரோலரை, அதான் இழுவைப்படகை, பிடிக்கிறதும் அவைதான். 2023இல தீவில புத்தர் சிலை வைச்ச கதை வெளியில வந்து பெரிய பிரச்சினையானது. கடற்படையினர் கும்பிட வைச்சது எண்டு விளக்கம் சொல்லிச்சினம். கத்தோலிக்கக் கோயில் மட்டும் இருந்த தீவில அந்த விளக்கம் எடுபடேல்லை.

ஒண்டு சொல்லவேணும். இழுவைமடியால வலை அறுந்து போற எங்கட மீனவரும், அந்த ரோலர்க்காரரும் முகம் பார்த்துக் கதைக்கிறதுக்கு இந்தக் கோயில் முற்றத்தை விட்டால் வேற இடம் குறைவு.

தங்கச்சிமடம் தபால்

அந்த முற்றத்துக்குப் போகாமல் இருப்பதுதான் எங்கள் பக்கத்து ஆயுதமாகவும் ஆகியிருக்கிறது. 2017 மார்ச்சில், திருவிழாவுக்குச் சில நாள் முன்பு, தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இலங்கைக் கடற்படை தாங்கள் சுடவில்லை என்றது. பயணம் ரத்து. 2024இல் இலங்கை நீதிமன்றம் எங்கள் பக்கத்துப் படகோட்டிகளுக்குச் சிறைத்தண்டனை கொடுத்ததும் விசைப்படகுச் சங்கங்கள் படகு தர மறுத்தன. வேர்க்கோட்டில் பதிவு செய்தவர்கள் எல்லாம் வீட்டில்தான் இருந்தார்கள்.

டெல்லியிலும் கொழும்பிலும் குரல் எட்டாதவன் சாமியிடம் போகாமல் நின்று காட்டுகிறான். இதில் எனக்கு முழுச் சம்மதம் கிடையாது. அந்தப் புறக்கணிப்பால் கொழும்புக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை, கைக்காசு போட்டு நேர்ச்சைக்குக் கிளம்பியவர்தான் ஏமாந்தார். ஆனால் படகு சங்கத்துடையது. அவர்கள் இல்லையென்றால் பங்குத்தந்தையோ ஆட்சியரோ ஒன்றும் செய்ய முடியாது.

வடக்கு வாசல்

பாகிஸ்தானில் இருக்கும் சீக்கியர் தலமான கர்தார்பூரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அங்கே 2019 அக்டோபர் 24 அன்று ஒப்பந்தம், நவம்பர் 9 அன்று திறப்பு. ஒரு நாளைக்கு 5,000 பேர், விசா இல்லை, ஆனால் பாஸ்போர்ட் வேண்டும், பாகிஸ்தானுக்கு 20 டாலர் கட்டணம். பெயர்ப்பட்டியலை 10 நாள் முன்பே இந்தியா அனுப்பும், 4 நாள் முன்பு அவர்கள் உறுதி சொல்வார்கள். எல்லாம் எழுத்தில், நுணுக்கமாக. இருந்தும் 2025 மே மாத இந்தியா-பாகிஸ்தான் மோதலின்போது இந்தியா தன் பக்கத்துக் கதவை ஒரே உத்தரவில் மூடிவிட்டது.

கச்சத்தீவிலும் கதவு மூடியிருக்கிறது. இலங்கை உள்நாட்டுப் போர்க்காலத்தில் திருவிழாவே நின்றுபோய், 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான் திரும்பியது. எப்படித்தான் எழுதி வைத்தாலும் பாதுகாப்புக் காரணம் என்று ஒரு அரசு சொல்லிவிட்டால் பக்தனுக்கு மேல்முறையீடு கிடையாது.

பாம்பன் காற்று

திரும்பி வருவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. தீவுக் கடைகளில் சோப்பு, தேங்காய் எண்ணெய் என்று வீட்டுக்கு அளவாக வாங்கினால் கேட்க மாட்டார்கள். மூட்டையாக வந்தால் சுங்கம் பிரித்துப் பார்க்கும். போன படகிலேயே ஏறுங்கள். சொந்தக்காரர் படகில் இடமிருக்கிறது என்று மாறி ஏறினால் இரண்டு படகிலும் தலைக்கணக்கு இடிக்கும். ஒருத்தருக்காக மொத்தப் பேரும் வெயிலில் காத்திருக்க வேண்டிவரும்.