30 டேயா, 30 டேஸா?

கோயம்புத்தூரில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கடைகளில் பில் போடுவதற்கான மென்பொருள். ஒரு மாதம் சும்மா ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் வாங்கலாம். அதற்கான நோட்டீஸில் கொட்டை எழுத்தில் ‘30 டேஸ் ஃப்ரீ டிரையல்’ என்று ஆங்கிலத்தில் எழுதி அச்சகத்துக்குக் கொண்டு போனேன்.

அங்கே புரூஃப் பார்த்தவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். ‘டேஸ்’ மேல் சுழி போட்டார்.

“தம்பி, இங்க எஸ் வராது.”

“முப்பது நாள்னா பன்மைதானுங்களே சார்?”

சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்துக் காட்டினார். “இது இங்கிலீஷ்ல என்ன?”

“டென் ருபீஸ் நோட்.”

“டென் ருபீ நோட். விலை சொல்றப்பதான் டென் ருபீஸ்.”

எண்ணும் அளவும் சேர்ந்து அடுத்த பெயருக்கு அடையாக நின்றால், ஆங்கிலத்தில் அளவுப் பெயர் ஒருமையில் நிற்கும். நடுவில் ஒரு சிறுகோடு வரும்: ‘30-டே ஃப்ரீ டிரையல்’. கால அளவைத் தனியாகச் சொன்னால் எஸ் திரும்பி வந்துவிடும்: ‘தி டிரையல் லாஸ்ட்ஸ் 30 டேஸ்’. தமிழும் இதைத்தானே செய்கிறது! ஐந்தாண்டுத் திட்டம் என்கிறோம், ஐந்தாண்டுகள் திட்டம் என்பதில்லை. நான்கு வழிச் சாலை, பத்து நாள் லீவு எல்லாம் அப்படித்தான். நம் காதுக்குப் பழகிய விதியை ஆங்கிலத்தில் மட்டும் ஏன் தொலைக்கிறோம் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

எஸ் போட்டு எழுதவும் வழி உண்டு. ‘டூ வீக்ஸ் நோட்டீஸ்’ போல எஸ்ஸுக்குப் பின்னால் அபாஸ்ட்ரஃபி (’ என்ற மேற்குறி) வைத்தால் ‘30 டேஸ் ஃப்ரீ டிரையல்’ சரியே. ஆனால் அப்போது முன்னால் ‘எ’ சேர்க்கக் கூடாது.

அதன் பிறகு எங்கே பார்த்தாலும் கண் அங்கேதான் போகும். கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் வின்ரார் மென்பொருளைத் திறந்தால் வரும் நினைவூட்டலில் ‘40 டே டிரையல் பீரியட்’ என்று இருக்கும். சிறுகோடு இல்லைதான், ஆனால் ‘டே’ ஒருமையில் இருக்கிறது.

அப்புறம் நோட்டீஸின் பின்பக்கம். ‘டிரையல்’ என்ற சொல்லில் ஐயும் ஏயும் இடம் மாறி ‘டிரெயில்’ ஆகியிருந்தது. அதற்குத் தடம், ஒற்றையடிப் பாதை என்று பொருள். அதுவும் உண்மையான சொல் என்பதால் கணினி சிவப்புக் கோடு போடவில்லை. சார் கண்ணில்தான் பட்டது. இன்றைக்கும் எந்தக் கோப்பை அனுப்பும் முன்பும் அந்த ஒரு சொல்லைத் தனியாகத் தேடிப் பார்த்துவிடுகிறேன்.