குழாய்ச் சத்தம்

அறந்தாங்கிக்காரன்:

அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இடம் ஒதுக்கிய முதல் வருடம், 2021இல், சென்னையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். விடுதிக் கட்டணம் வரை அரசே கட்டியதால் வீட்டில் யாருக்கும் கவலை இல்லை. கவலை எனக்குத்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. வகுப்பில் காதில் விழும் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்திலேயே குறித்துக்கொள்வேன். 'டெரிவேட்டிவ்' என்பது நான் கணக்கில் நன்றாகப் போட்டுப் பழகிய வகைக்கெழுதான் என்று இரவில் உட்கார்ந்து கண்டுபிடிப்பேன்.

மாலையானால் தலைவலி. மூன்று வாரம் மாத்திரை போட்டேன். அறையில் உடன் இருந்தவன் கோயம்புத்தூர்க்காரன், வீட்டிலும் ஆங்கிலம் பேசுகிறவன். அவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திமிர் பிடித்தவன் என்று அம்மாவிடம் போனில் சொல்லி வைத்திருந்தேன்.

ஒருநாள் இரவு குளியலறைக்குப் போனவன் அரை மணி நேரம் குழாயை மூடவே இல்லை. கண்மாய் வற்றுகிற ஊரில் வளர்ந்தவனுக்கு அது பொறுக்குமா? சண்டை போடத்தான் கதவைத் தட்டினேன். திறந்தான். கண் சிவந்திருந்தது, உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. "வீட்டு ஞாபகம்" என்றான், அதுவும் தமிழில்.

எனக்கு வருவது தலைவலி இல்லை, வெட்கம் என்று அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதும் வலி போய்விட்டது என்று எழுத ஆசைதான், போகவில்லை. ஆனால் அவனிடம் பாடத்தில் சந்தேகம் கேட்க ஆரம்பித்தேன். அவனுக்கு வகைக்கெழுவே சரியாக வராது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

நான்காம் மாடி:

தன் உணர்வையும் அடுத்தவர் உணர்வையும் இனம் கண்டு அதற்கேற்ப நடக்கும் திறனைத்தான் 1990இல் உளவியலாளர்கள் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் உணர்வு நுண்ணறிவு என்றார்கள். எங்கள் கல்லூரி அறிமுக வாரத்தில் இதைப் பற்றி ஒரு வகுப்பு வைத்தார்கள். நான் தூங்கிவிட்டேன்.

எனக்கு வீட்டு ஞாபகம் எல்லாமே சாம்பார் மேல் கோபமாகத்தான் திரும்பியது. மெஸ் சாம்பார் வாயில் வைக்க முடியவில்லை என்று வார்டனுக்கு ஐந்து புகார் எழுதினேன். தீபாவளிக்கு ஊருக்குப் போய் அம்மா வைத்த சாம்பாரைச் சாப்பிட்டால், சத்தியமாகச் சொல்கிறேன், மெஸ் சாம்பாரே தேவலாம். இருந்தாலும் அம்மா வைத்ததை இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

அறந்தாங்கிக்காரன்:

புகாருக்குப் பதில் வந்ததா?

நான்காம் மாடி:

பதில் வரவில்லை. பெருங்காயம் போட ஆரம்பித்தார்கள்.