பழைய கேரவன் வாங்கப் போறோம், எதை முதல்ல பார்க்கணும்?

செந்தூரப்பூ:

வணக்கம். நானும் வீட்டுக்காரரும் ரெண்டு பிள்ளைகளும் இத்தனை வருஷமா கூடாரம் அடிச்சுத்தான் சுத்தினோம். இப்போ காருக்குப் பின்னாடி கோத்து இழுத்துட்டுப் போற கேரவன் ஒண்ணு, பழசா வாங்கலாம்னு இருக்கோம். சனிக்கிழமை ரெண்டு வண்டி பார்க்கப் போறோம். ஒண்ணு 8 வருஷம் ஆனது. போட்டோவுல பளபளன்னு இருக்கு, மெத்தை உறையெல்லாம் புதுசு. விக்கிறவர், "நீங்க வரும்போது குளிராம இருக்கட்டும், முந்தின நாளே ஹீட்டர் போட்டு வெச்சிடறேன்"னு போன்லயே சொன்னார். இன்னொண்ணு 14 வருஷம் ஆனது. உறையெல்லாம் வெளிறிக் கிடக்கு. ஆனா கை மாறாத வண்டி, ஒரே சொந்தக்காரர்தான், சர்வீஸ் பில் பூரா கோப்பு போட்டு வெச்சிருக்காங்களாம். எனக்கு மனசு முதல் வண்டி மேலதான் நிக்குது. எங்க கார் 1500 கிலோ வரைக்கும் இழுக்கும்னு புத்தகத்துல போட்டிருக்கு. போனா எதைப் பார்க்கணும், என்ன கேக்கணும்?

கூண்டுவண்டி:

தங்கச்சி, முதல் வேலையா அவருக்குப் போன் பண்ணி ஹீட்டர் போட வேண்டாம்னு சொல்லுங்க. ஜன்னலையும் திறந்து வைக்க வேண்டாம், மூடியே இருக்கட்டும். அவர் நல்ல மனசோட சொல்லியிருக்கலாம். ஆனா ஒரு நாள் முழுக்கச் சூடு ஏறினா உள்சுவரோட மேல்பரப்பு காஞ்சிடும், வாடை போயிடும், ஈரம் அளக்கிற மீட்டர்லயும் எண் குறைஞ்சு காட்டும். நீங்க பார்க்க வேண்டிய ஒரே பெரிய விஷயம் அந்த ஈரம்தான்.

நான் பட்டதைச் சொல்றேன். என் முதல் கேரவனை நல்ல வெயில்ல, எல்லா ஜன்னலும் திறந்து கிடக்கறப்போ பார்த்தேன். அடுப்பு எரியுதா, குழாயில தண்ணி வருதா, விளக்கு எரியுதான்னு பார்த்துட்டுப் பணத்தைக் கொடுத்துட்டேன். மூணாவது மாசம் அடைமழை. முன்பக்க இருக்கைக்குக் கீழே இருக்கிற பெட்டியைத் திறந்து போர்வையை எடுத்தா, அடி மடிப்பு சொதசொதன்னு இருக்கு. மெக்கானிக் வந்து வெளிப்பக்க மூலையில இருக்கிற அலுமினியப் பட்டையைக் கழட்டினார். உள்ளே இருந்த மரச்சட்டத்தை விரல் விட்டுத் தோண்டினார், ஊறின அட்டை மாதிரி பிஞ்சு கையோட வந்துச்சு. முன்சுவர் பாதியையும் பிரிச்சுக் கட்டறதுக்கு வாங்கின விலையில பாதி ஆச்சு.

இது எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா எங்கே தேடணும்னு தானா விளங்கிடும். பெரும்பாலான பழைய கேரவன்கள்ல வெளியே மெல்லிசு அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிசு பிளைவுட், நடுவுல மரச்சட்டமும் தெர்மாகோல் மாதிரி பலகையும். தகடு சேர்ற மூலை, முன்கூடாரம் (கதவுப் பக்கம் வெளியே கட்டற துணிப்பந்தல்) மாட்டற நீளப் பட்டை, கூரை ஜன்னல், பக்கவாட்டு விளக்கு, இப்படி ஸ்க்ரூ போன இடமெல்லாம் மாஸ்டிக்ங்கற அடைப்புப் பசை பூசி அடைச்சிருப்பாங்க. வருஷம் போகப் போக மாஸ்டிக் இறுகி வெடிப்பு விடும். வண்டி ஓடற ஓட்டத்துல சட்டமும் அசைஞ்சுக்கிட்டே இருக்கும். ஸ்க்ரூ வழியா ஒரு சொட்டு இறங்கினாப் போதும். மேலே நுழையற தண்ணி கீழே எங்கேயோ போய்த் தேங்கும். ஈரம் கோத்துக்கிட்டு வருஷக்கணக்கா இருந்தாலும் உள்ளே ஒட்டியிருக்கிற வினைல் தாள் எதையும் வெளியே காட்டாது.

கதவைத் திறந்த உடனே பேசாம உள்ளே ஏறி மூச்சை இழுங்க. பூஞ்சை வாடை முதல் நிமிஷம்தான் தெரியும், அப்புறம் மூக்கு பழகிடும். ரூம் ஸ்ப்ரே வாசனை தூக்கலா அடிச்சா இன்னும் கவனமாப் பாருங்க. அடுத்து எல்லா மெத்தையையும் தூக்கி, எல்லாப் பெட்டியையும் திறந்து, டார்ச் அடிச்சு மூலை மூலையாப் பாருங்க. முன் ஜன்னலுக்குக் கீழே ரெண்டு மூலையிலயும் கட்டைவிரலை வெச்சு நல்லா அழுத்துங்க. நல்ல சுவர் இம்மி அசையாது. கெட்டுப்போனது விரலுக்கு உள்வாங்கும். தாள்ல மிளகு தூவின மாதிரி கறுப்புப் புள்ளி, அலை அலையா சுருக்கம் இருந்தாலும் அதேதான்.

ஈர மீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க, இல்ல இரவல் கேளுங்க. ரெண்டு ஊசி இருக்கிற ரகம் தடம் விடும், அதனால சொந்தக்காரர்கிட்ட கேட்டுட்டு அலமாரிக்குள்ள குத்துங்க. 15 சதவீதம் வரைக்கும் கவலை இல்லை. 15லிருந்து 20 வரைக்கும் கண் வெச்சுக்கணும். 20க்கு மேல போனா வேலை இருக்கு. 30 தாண்டினா சட்டமே போயிருக்கலாம். ஒரே ஒரு இடத்துல மட்டும் எகிறினா உள்ளே ஸ்டேப்பிள் ஆணியோ தகடோ இருக்கலாம், சுத்தி நாலு இடம் வெச்சுப் பாருங்க. கூரைச் சரிவு, ஜன்னல் அடி, அலமாரி முதுகு, நாலு மூலையும் கீழும் மேலும், இவ்வளவும் ஒரு தாள்ல எழுதிக்கோங்க.

தரையைச் செருப்பைக் கழட்டிட்டு நடந்து பாருங்க. கதவுப் பக்கமும் அடுப்பு முன்னாடியும்தான் அதிகம் மிதிபடும். தரை ரெண்டு பிளைவுட்டுக்கு நடுவுல ஃபோம் வெச்சு ஒட்டினது. பசை விட்டுப்போனா காலுக்குக் கீழே தொய்யும், கிரீச்னு சத்தம் வரும். மரம் அழுகாம ஒட்டு மட்டும் விட்டிருந்தா துளை போட்டு ரெசின் பசை இறக்கிச் சரி பண்ணலாம். அதுக்காக வண்டியை வேண்டாம்னு சொல்லத் தேவையில்லை, விலையில குறைக்கலாம்.

ஃபிரிட்ஜை நீங்க போறதுக்கு நாலஞ்சு மணி நேரம் முன்னாடியே போடச் சொல்லுங்க. அது கம்ப்ரஸர் இல்லாம சூட்டுல வேலை செய்யற ரகமா இருக்கும், மெதுவாத்தான் குளிரும், வண்டி மட்டமாவும் நிக்கணும். கேஸ்லயும் மின்சாரத்துலயும் தனித்தனியா ஓடுதான்னு கேட்டுக்கோங்க. கேஸ் ரப்பர் குழாய்ல தேதி அடிச்சிருக்கும், பழசுன்னா மாத்திடுங்க.

வண்டியை விக்கிறவரோட வீட்டு வாசல்லயே பாருங்க. பாதி வழியில சந்திக்கலாம், பெட்ரோல் பங்க்ல நிக்கறேன்னு சொன்னா போகாதீங்க. சேஸிஸ் எண்ணும் காகிதத்துல இருக்கிறதும் ஒவ்வொரு எழுத்தா ஒத்துப்போகணும்.

மூணாம்கியர்:

அக்கா, 1500 கிலோங்கறது கார் கம்பெனி சொல்ற உச்ச வரம்பு. புதுசா இழுக்கறவங்க, நிரம்பின கேரவன் எடை காரோட எடையில 85 சதவீதத்தைத் தாண்டாம பார்த்துக்கறது நல்லது. உதாரணத்துக்கு, காரோட எடையே 1500 கிலோன்னா, கேரவன் 1275. கதவுகிட்ட ஒரு தகட்டுல அதிகபட்ச எடை போட்டிருக்கும். அதுல காலி வண்டி எடையைக் கழிச்சா மிஞ்சறதுதான் நீங்க ஏத்தக்கூடிய சாமான். 1250ல 1100 போனா 150 கிலோ. பேட்டரி, முன்கூடாரம், நாலு பேர் துணிமணின்னு வெச்சா சீக்கிரம் தீர்ந்துடும். கார் இல்லாம கேரவனை நகர்த்தற மோட்டாரைப் பிற்பாடு மாட்டியிருந்தா அது மட்டுமே 30 கிலோ வாக்குல தின்னுடும்.

கொக்கி மேல இறங்கற மூக்கு எடை மொத்தத்துல 5லிருந்து 7 சதவீதம் இருக்கணும். பின்பக்கம் கனம் ஏறினா வேகத்துல வால் ஆட ஆரம்பிச்சு காரையே இழுத்துட்டுப் போயிடும். உங்க லைசென்ஸ் எவ்வளவு எடைக்குச் செல்லும்னும் பார்த்துடுங்க.

தார்ச்சாலை:

டயர் பட்டனை பார்த்து ஏமாறாதீங்க. கேரவன் டயர் தேயாது, நின்னே வயசாகும். பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319ன்னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. அஞ்சாறு வருஷம் தாண்டினா மாத்தறதுதான் பத்திரம், ஸ்டெப்னியும் சேர்த்து. பக்கவாட்டுல மயிரிழை வெடிப்பு இருந்தா அந்த டயர்ல வீடு வரைக்கும்கூட இழுக்காதீங்க.

செந்தூரப்பூ:

சனிக்கிழமை போய்ட்டு வந்தோம். முதல் வண்டி, போட்டோவை விட நேர்ல இன்னும் அழகு. பெரியவள் வேற இதுதான் வேணும்னு இறங்க மாட்டேன்னுட்டா. நிறைய இடத்துல மீட்டர் 12, 14ன்னுதான் காட்டிச்சு. ஆனா முன்பக்க வலது மூலையில 27, அதுக்கு ஒரு ஜாண் கீழே 31. அண்ணா சொன்ன மாதிரி கட்டைவிரலை வெச்சேன், உள்ளே போச்சு. வெளியே போய்ப் பார்த்தா அதே மூலையில மட்டும் சீலன்ட் வெள்ளை வெளேர்னு புதுசா பூசியிருக்கு, மத்த மூணு மூலையும் பழசு.

ரெண்டாவது வண்டியில எங்கேயும் 16 தாண்டலை, அதுவும் கூரை ஜன்னல்கிட்ட மட்டும். கதவுப் பக்கம் தரை கிரீச்சுன்னு சத்தம் போடுது. டயர் ஏழு வருஷம் ஆனது. ஃபிரிட்ஜ் நல்லா குளிர்ந்திருந்துச்சு. எடையும் எங்க கார் இழுக்கக்கூடிய வரம்புக்குள்ளதான் வருது.

கூண்டுவண்டி:

ரெண்டாவதை எடுங்க தங்கச்சி, யோசிக்கவே வேண்டாம். முதல் வண்டியில அந்த மூலையில தண்ணி இறங்கறது யாருக்கோ தெரிஞ்சிருக்கு. உள்ளே காய வைக்காம மேலே பூசினா ஈரம் உள்ளேயே அடைபட்டு மரம் இன்னும் வேகமா அழுகும்.

தரை, டயர் ரெண்டுக்கும் கணக்குப் போட்டு விலை கேளுங்க. பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி கொக்கித் தண்டைப் பாருங்க. பிரேக்கை இயக்கறது அதுதான். கார் வேகம் குறையும்போது கேரவன் முன்னாடி தள்ளும், தண்டு உள்ளே போய் பிரேக்கை இழுக்கும். கையால தள்ளினா கனமா, நிதானமா உள்ளே போய்த் திரும்ப வரணும். லொடலொடன்னு ஆடினா தண்டோட அசைவை அடக்கற டேம்பர் போச்சு. கோப்புல பிரேக் டிரம் கழட்டிப் பார்த்த பில் கடைசியா எப்பன்னு தேடுங்க.

செந்தூரப்பூ:

அண்ணா, எடுத்துட்டோம். பிரேக் பில் போன வருஷத்தோடது இருந்துச்சு. தண்டு நீங்க சொன்ன மாதிரியே நிதானமா வந்துச்சு. டயருக்கும் தரைக்கும் நாங்க கேட்டதை, விக்கிற அந்தம்மா மறுபேச்சு இல்லாம குறைச்சுக்கிட்டாங்க. டயர் மாத்தினப்புறம்தான் இழுத்துட்டு வரப்போறோம், செவ்வாய்க்கிழமை மெக்கானிக் அங்கேயே போறார். கிளம்பும்போது அவங்களே என்னை உட்கார வெச்சு, கேரவனோட நாலு மூலையிலயும் இருக்கிற கால்களை எப்படி இறக்கறதுன்னு சுத்திக் காட்டினாங்க. அது வண்டியை ஆடாம நிறுத்தத்தான், அதால வண்டியைத் தூக்கிடாதேன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கதவைப் பிடிச்சுக்கிட்டே நின்னாங்க.