பிஎம்சி மேல்மட்டத்தில் இல்லையாம். யார் சொன்னது?

மரைன் டிரைவ் காற்று

நேற்று நம் சைக்கிள் குழுவின் விற்பனைப் பகுதியில் நடந்ததைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் இதைத் தொடங்குகிறேன். ஒரு தம்பி தன்னுடைய பாவித்த டீம்மெஷினை, அதாவது சுவிஸ் பிராண்டான பிஎம்சியின் பந்தய சைக்கிளை, ஆறு இலட்சத்துக்குப் போட்டிருந்தார். கார்பன் பிரேம், ஷிமானோ அல்டெக்ரா கியர், சில்லு இரண்டும் நல்ல நிலை. நியாயமான விலை. அதற்குக் கீழே கொட்டாஞ்சேனை ரேசர் வந்து, "மேல்மட்டப் போட்டியில் இல்லாத பிராண்டுக்கு ஆறு இலட்சமா? நாலுக்குக் கேளுங்கள்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த எல்லோரும் நாலில்தான் தொடங்குகிறார்கள். அந்தத் தம்பியின் நட்டத்துக்கு யார் பொறுப்பு?

2011இல் கேடல் எவன்ஸ் டூர் டி பிரான்ஸ் வென்றது எதில்? 2016 ரியோ ஒலிம்பிக்கில் கிரெக் வான் அவர்மாட் தங்கம் எடுத்தது எதில்? அடுத்த வருடம் பாரிஸ்-ரூபே போட்டியை வென்றதும் அவர்தான், அதே பிஎம்சியில்தான். இதைத் தெரியாமல் எழுதினாரா, தெரிந்துகொண்டே எழுதினாரா?

கொட்டாஞ்சேனை ரேசர்

2011, 2016, 2017. எல்லாம் பழைய கதை. நான் கேட்பது இன்றைய நிலவரம். 2023 வரை ஏஜி2ஆர் அணி பிஎம்சி ஓட்டியது. 2024இல் டெகத்லான் கம்பனி உள்ளே வந்து தன்னுடைய வான் ரைசல் சைக்கிளைக் கொடுத்தது, பிஎம்சி வெளியே போனது. வேர்ல்ட் டூரில், அதாவது முதல் நிலையில், 18 அணி. 2025இல் அந்தப் பதினெட்டில் பிஎம்சி ஓட்டிய அணியின் பெயரைச் சொல்லுங்கள். ஒன்று போதும்.

மரைன் டிரைவ் காற்று

டியூடர்.

கொட்டாஞ்சேனை ரேசர்

டியூடர் இரண்டாம் நிலை அணி. வேர்ல்ட் டூர் அனுமதி கிடையாது. பதினெட்டில் ஒன்றைக் கேட்டேன்.

மரைன் டிரைவ் காற்று

இரண்டாம் நிலை அணியா? 2024 ஜிரோவில், இத்தாலியின் மூன்று வாரப் போட்டியில், மைக்கேல் ஸ்டோரர் பத்தாவது இடம், டியூடர் சட்டையில், பிஎம்சியில். 2025 டூர் டி பிரான்ஸில் ஜூலியன் அலாஃபிலிப் ஓடினார், அதுவும் டியூடர்தான். இரண்டு தடவை உலகச் சாம்பியன் அவர். அதே வருடம் செப்டம்பரில் கியூபெக் போட்டியை வென்றார். கியூபெக் வேர்ல்ட் டூர் போட்டியா இல்லையா? அதில் முதலாவதாக வந்த சைக்கிள் எது? இதற்குப் பதில் சொல்லிவிட்டு நாலு இலட்சத்தைப் பற்றிக் கதையுங்கள்.

கொட்டாஞ்சேனை ரேசர்

அழைப்பிதழில் வந்தவர் வீட்டுக்காரர் ஆகிவிட மாட்டார். 2025 டூருக்கு டியூடருக்கு அழைப்புக் கொடுத்தார்கள், அதனால் ஓடியது. கொடுக்காவிட்டால் வீட்டில் இருந்து பார்க்க வேண்டியதுதான். பதினெட்டு அணிக்கும் அந்தக் கவலை இல்லை. பதினெட்டில் பிஎம்சி எங்கே?

பம்பலப்பிட்டி பெடல்

ரேசர் அண்ணா, ஒரு கேள்வி. நீங்கள் ஓட்டுவது ஓர்பியா ஓர்கா. ஞாயிறு காலையில் சுதந்திர சதுக்கத்தில் எல்லோரும் பார்க்கிறோம். ஓர்பியாவை 2024இலும் 2025இலும் ஓட்டியது லோட்டோ அணி. லோட்டோவும் இஸ்ரேல் அணியும் 2022 முடிவில் புள்ளி குறைந்து வேர்ல்ட் டூரில் இருந்து இறங்கிவிட்டன. 2023 தொடக்கம் 2025 வரை இரண்டும் இரண்டாம் நிலை அணிகள்தான். அப்படியென்றால் அந்த வருடங்களில் உங்கள் ஓர்பியாவும் பதினெட்டில் இருக்கவில்லை. இஸ்ரேல் அணி ஓட்டிய ஃபாக்டர் சைக்கிளும் இருக்கவில்லை.

மரைன் டிரைவ் காற்று

அப்படிப் போடுங்கள் பெடல்! ரேசர், உங்கள் ஓர்காவை என்ன விலைக்குத் தருவீர்கள்? நாலுக்கு நான் எடுக்கிறேன்.

கொட்டாஞ்சேனை ரேசர்

தம்பி பெடல், பாதியைப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இரண்டாம் நிலையில் புள்ளியில் முன்னுக்கு நிற்கும் அணிகளுக்கு எல்லாப் பெரிய போட்டிக்கும் உரிமையோடு இடம் உண்டு. லோட்டோ 2023 தொடக்கமும் இஸ்ரேல் 2024 தொடக்கமும் அந்த உரிமையில் வந்தவை. யாருடைய தயவும் இல்லை. 2023 டூர் டி பிரான்ஸில் பியூய் டி டோம் மலை முடிவில் மைக் வூட்ஸ் வென்றது ஃபாக்டரில். 2024 டூரில் பார்சலோனெட்டில் விக்டர் காம்பனார்ட்ஸ் வென்றது ஓர்பியாவில். டியூடர் டூரில் என்ன வென்றது?

பம்பலப்பிட்டி பெடல்

முதலில் பதினெட்டு என்றீர்கள். இப்போது உரிமை என்கிறீர்கள். அடுத்தது என்ன?

கொட்டாஞ்சேனை ரேசர்

அடுத்தது ஒன்றுமில்லை. பிஎம்சி எங்கே என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் வரவில்லை.

தெஹிவளை பழைய ராலி

பிள்ளைகள், நான் ஒன்று சொல்லட்டுமா? 1980இல் யூப் சூட்டமெல்க் டூர் டி பிரான்ஸ் வென்றது ராலியில். அந்த ராலிதான் எங்கள் வீட்டிலும் நின்றது, தபால்காரரிடமும் நின்றது, கணக்கு வாத்தியாரிடமும் நின்றது. 1975, 1977 இரண்டு தடவையும் பெர்னார் தெவனே வென்றது பீஜோவில். இன்றைக்கு அந்த மட்டத்தில் ராலியும் இல்லை, பீஜோவும் இல்லை. அதற்காக அப்பாவின் ராலியை நான் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிடவில்லை. நேற்றுக்கூட அதில்தான் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய் வந்தேன். கரியலில் பத்துக் கிலோ அரிசி. பிரேக் கம்பி இன்னும் இறுக்கமாக நிற்கிறது.

கொட்டாஞ்சேனை ரேசர்

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், ராலி பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை.

மரைன் டிரைவ் காற்று

ஐயாவிடம் அப்படிக் கதைக்க வேண்டாம். அவர் சைக்கிள் ஓடத் தொடங்கியபோது நீங்கள் பிறக்கவேயில்லை.

நுகேகொட அக்கா

எல்லோரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். உலகத்திலேயே மிகப் பெரிய சைக்கிள் தயாரிப்பாளர்களில் ஒன்று தாய்வானின் ஜயன்ட். 2020 முடிவில் ஜயன்ட் ஓட்டிய சிசிசி அணி மூடப்பட்டது. 2021 முழுவதும் ஆண்கள் வேர்ல்ட் டூரில் ஜயன்ட் ஓட்டிய அணி ஒன்றுகூட இல்லை. 2022இல் ஜேகோ அணியோடு திரும்பி வந்தது. அந்த இடைப்பட்ட ஒரு வருடம் ஜயன்ட் பிரேம் பலவீனமாகிவிட்டதா? 1998இல் பந்தானி ஜிரோவும் டூரும் சேர்த்து வென்ற பியாங்கியும் 2022இல் அங்கே இல்லை, 2023இல் ஆர்க்கேயா அணியோடு திரும்பியது.

அணிக்குச் சைக்கிள் கொடுப்பது விளம்பரச் செலவு. ஓட்டுநர் ஒருவருக்கே பல சைக்கிள், நேர ஓட்டத்துக்கு வேறு, உதிரிகள் வேறு, அதற்கு மேல் பணமும் கொடுக்க வேண்டும். கோவிட் காலத்தில் சைக்கிளுக்குத் தேவை ஏறியது, கம்பனிகள் அளவுக்கு மீறிச் செய்து குவித்தன, பிறகு களஞ்சியத்தில் தேங்கியதைத் தள்ளுபடியில் தள்ளின. அந்த நிலையில் பெரிய அணியை விட்டு விலகுவது கணக்குப் பார்த்து எடுக்கும் முடிவு. பிரேமின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது விளங்காமல் விலையைக் குறைக்கச் சொல்வது அநியாயம்.

இன்னொன்று. 2024 பெண்கள் டூர் டி பிரான்ஸை நாலே நாலு செக்கன் வித்தியாசத்தில் காசியா நியேவியதோமா வென்றார், கேன்யன் சைக்கிளில். இந்த விவாதத்தில் பெண்கள் வேர்ல்ட் டூர் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவில்லை.

கொட்டாஞ்சேனை ரேசர்

அக்கா, நீளமாக எழுதினீர்கள், நன்றி. ஜயன்ட் 2022இல் திரும்பியது. பியாங்கி 2023இல் திரும்பியது. பிஎம்சி திரும்பியதா? நீங்கள் எழுதியது என் பக்கத்துக்குத்தான் சாட்சி.

நுகேகொட அக்கா

நான் எழுதியது உங்கள் பக்கத்துக்கு எதிர். மறுபடி வாசியுங்கள்.

மருதானை ஸ்பேனர்

தினமும் நாலைந்து பிரேம் கையில் எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். கொழும்பில் பாவித்த சைக்கிள் வாங்குகிறவர் எந்த அணி ஓட்டியது என்று பார்த்துப் பிரயோசனம் இல்லை. கடலோரம் ஓடியதா என்று பாருங்கள். மரைன் டிரைவில் ஒவ்வொரு நாளும் ஓடிவிட்டுத் துடைக்காமல் வைத்த சைக்கிளின் கிராங்கைக் கழற்றினால் பேரிங்கைச் சுற்றி வெல்லப்பாகு போலத் துரு ஒட்டியிருக்கும். டீம்மெஷினில் அந்தப் பேரிங் அமுக்கிப் பொருத்தும் வகை. பத்திரமாகத் தட்டி எடுக்க வேண்டும், அவசரப்பட்டால் கார்பன் கீறும். இப்போது வருகிற சைக்கிள்களில் பிரேக் குழாய் ஹான்டிலுக்குள்ளாலேயே போகிறது. மேல் பேரிங்கை மாற்றக் குழாயைக் கழற்றி, எண்ணெய் ஊற்றி, காற்றை வெளியேற்றி முடிக்க அரை நாள். விலையை அதில் பேசுங்கள்.

மரைன் டிரைவ் காற்று

ஸ்பேனர் நானா, மரைன் டிரைவ் என்று என்னைத்தானே சொன்னீர்கள்? ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துத்தான் உள்ளே எடுக்கிறேன்.

மருதானை ஸ்பேனர்

பொதுவாகச் சொன்னேன். உங்களைச் சொல்லவில்லை.

கொட்டாஞ்சேனை ரேசர்

கழுவுகிறவருக்குக் கழுவத் தெரியும், உதிரி டியூப் கொண்டு வரத்தான் தெரியாது. பாணந்துறை ஓட்டத்தில் பங்சர் போட்டு எல்லோரையும் வெயிலில் நிறுத்தி வைத்தது யார்?

மரைன் டிரைவ் காற்று

எல்லோரையுமா? நின்றவர்கள் பெடலும் இன்னும் இரண்டு பேரும். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டீர்கள். மொரட்டுவையில் இருந்து கத்தினேன், உங்களுக்குக் கேட்டது. சேர்ந்து ஓடும் குழுவில் பங்சர் ஆனவரை விட்டுவிட்டுப் போகிறவருக்கு உரிமை, அழைப்பு என்று கதைக்க என்ன தகுதி?

கொட்டாஞ்சேனை ரேசர்

வேலைக்குப் போக வேண்டியிருந்தது. புறப்படும் முன்பே சொன்னேன். அதை இங்கே இழுப்பது பிஎம்சிக்குப் பதில் இல்லாததால்.

பம்பலப்பிட்டி பெடல்

அண்ணா, சொல்லவில்லை. நான் அங்கேதான் நின்றேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2025இல் ஸ்பெயினின் மூன்று வாரப் போட்டியான வுவெல்டாவில் மூன்றாவது இடம் டாம் பிட்காக். அவருடைய அணி கியூ36.5, இரண்டாம் நிலை. சைக்கிள் ஸ்காட். அதே வருட டூரில் துலூஸ் நகரில் யோனாஸ் ஆப்ரஹாம்சன் வென்றார். அணி யூனோ-எக்ஸ், அதுவும் இரண்டாம் நிலை, அதுவும் அழைப்பில் வந்தது. சைக்கிள் ரிட்லி. 2020இல் மத்தியூ வான் டெர் பூல் பிளாண்டர்ஸ் போட்டியை வென்றபோது அல்பசின் அணியும் வேர்ல்ட் டூரில் இல்லை. இவர்கள் எல்லோரும் எந்த மட்டத்தில் ஓடினார்கள் என்று ரேசர் அண்ணா சொல்லட்டும். மேடையில் நின்ற சைக்கிள் மேல்மட்டத்தில் இல்லை என்றால் பிறகு எது இருக்கிறது?

கொட்டாஞ்சேனை ரேசர்

ஸ்காட் வுவெல்டா மேடையில் நின்றது. ரிட்லி டூரில் வென்றது. சந்தோஷம். பிஎம்சி 2025 டூரில் எத்தனை கட்டம் வென்றது? ஒன்றுமில்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு பிராண்டைக் கொண்டு வந்து காட்டுகிறீர்கள். நான் கேட்ட பிராண்டை ஒருவரும் காட்டவில்லை.

மரைன் டிரைவ் காற்று

கியூபெக். கியூபெக். கியூபெக். எத்தனை தரம் எழுத வேண்டும்? கியூபெக் போட்டிக்கு இன்னும் நீங்கள் ஒரு வரி பதில் எழுதவில்லை.

கொட்டாஞ்சேனை ரேசர்

ஒருநாள் போட்டி.

மரைன் டிரைவ் காற்று

பாரிஸ்-ரூபேயும் ஒருநாள் போட்டிதான்!

கொட்டாஞ்சேனை ரேசர்

கியூபெக்கையும் ரூபேயையும் ஒரே தட்டில் வைக்கிறவரோடு எப்படிக் கதைப்பது?

தெஹிவளை பழைய ராலி

அந்தத் தம்பியின் சைக்கிள் விற்றுவிட்டதா? யாராவது பார்த்தீர்களா? என் மருமகன் ஒன்று தேடுகிறார். ஐந்தரைக்குத் தருவாரா?

நுகேகொட அக்கா

ஐயா, விளம்பரம் இன்னும் இருக்கிறது. நேரே அவருக்கு எழுதுங்கள், இங்கே விலை சொல்ல வேண்டாம். ஸ்பேனர் நானாவிடம் காட்டிப் பேரிங்கைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

கொட்டாஞ்சேனை ரேசர்

ஐந்தரை அதிகம் ஐயா. நாலேகால் சொல்லுங்கள்.

மரைன் டிரைவ் காற்று

பார்த்தீர்களா, மறுபடி! இவர் வாயால் ஒரு சைக்கிளும் இந்த ஊரில் விலை போகாது. போன மாதம் கம்பனோலோ கியர் செட் ஒன்றையும் இப்படித்தான் கெடுத்தார்.

கொட்டாஞ்சேனை ரேசர்

கம்பனோலோ பற்றி நான் எழுதியது முழு உண்மை. 2024இல் ஆண்கள் வேர்ல்ட் டூரில் கம்பனோலோ ஓட்டிய அணி ஒன்றுகூட இல்லை. ஏஜி2ஆரும் ஷிமானோவுக்குப் போய்விட்டது. பொகாச்சார் கம்பனோலோவில் 2020, 2021 இரண்டு டூர் வென்றார், அவருடைய அணியும் 2023இல் விட்டுவிட்டது. இது உண்மையா பொய்யா?

பம்பலப்பிட்டி பெடல்

2025இல் கோஃபிடிஸ் அணியோடு கம்பனோலோ திரும்பி வந்துவிட்டது. அதையும் எழுதியிருந்தால் அந்த மனிதர் செட்டை அடிவிலைக்குக் கொடுத்திருக்க மாட்டார்.

கொட்டாஞ்சேனை ரேசர்

கோஃபிடிஸ் 2025இல் என்ன வென்றது என்று பட்டியல் போடுங்கள், பிறகு பார்க்கலாம். கொழும்பில் கம்பனோலோ சங்கிலி தேடி அலைந்திருக்கிறீர்களா? நான் அலைந்திருக்கிறேன். ஷிமானோ சங்கிலி மருதானையில் பத்து நிமிடத்தில் கிடைக்கும். ஸ்பேனர் நானாவைக் கேளுங்கள்.

மருதானை ஸ்பேனர்

என்னை இதற்குள் இழுக்க வேண்டாம். கம்பனோலோ வைத்திருக்கிற வாடிக்கையாளர்களும் எனக்கு இருக்கிறார்கள்.