ஒன்பதாம் வகுப்பு அறிவியலை இணையவழிக்கு மாற்றும்போது செய்முறைகளை என்ன செய்வது?

கேள்வி: பாடத்திட்டம்

ஒன்பதாம் வகுப்பு அறிவியலை எட்டு வார இணையவழிப் பாடமாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். வாரம் ஒரு நேரலை, 40 நிமிடம். மற்றதெல்லாம் பதிவுகள். விளக்கப் பகுதியில் சிக்கல் இல்லை, செய்முறைதான் இடிக்கிறது. தனி ஊசல், அமில-காரத் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்), நிறை மாறா விதி மூன்றும் உண்டு. நேரலையில் நான் செய்து காட்டினால் போதுமா, வீட்டில் செய்யச் சொல்லலாமா, சிமுலேஷன் கொடுக்கலாமா? பலரிடம் செல்போன் மட்டுமே இருக்கிறது.

பதில்: ஊசல்குண்டு

ஊசலை நேரலையில் ஆட்டிக் காட்டி நேரம் குறிக்கச் சொல்லாதீர்கள். இணைப்பு தடுமாறினால் படம் உறைந்து நின்று தாவும், அதுவும் ஒவ்வொருவர் திரையிலும் ஒவ்வொரு மாதிரி. அந்த அளவீட்டை வைத்துக் கணக்கே போட முடியாது.

இது வீட்டில் செய்ய வேண்டியது. நூல், சிறிய பூட்டு, அளவுகோல், செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும். நீளம் 25, 50, 75, 100 செ.மீ., ஒவ்வொன்றுக்கும் 20 அலைவு, கோணம் 10 டிகிரிக்குள். வர வேண்டிய நேரம் சுமார் 20.1, 28.4, 34.8, 40.1 விநாடி. ஏன் 20 என்பதையும் சொல்லுங்கள்: விரல் அழுத்துவதில் 0.2 விநாடி பிசகினாலும் ஓர் அலைவுக்கு 0.01 விநாடிதான் பிசகும்.

நீங்கள் பக்கத்தில் நிற்க முடியாது, ஆகவே தவறை விடையிலிருந்துதான் பிடிக்க வேண்டும். இந்த நேரங்களிலிருந்து கணக்கிடும் ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) மதிப்பு 9.8க்குப் பதில் எல்லா நீளத்துக்கும் 10.9 பக்கம் வந்தால், விட்ட நொடியிலேயே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். உண்மையில் ஆடியது 19. 'பூஜ்யம்' என்று தொடங்கச் சொல்லுங்கள். 39 வந்தால், போவதை ஒன்றாகவும் வருவதை ஒன்றாகவும் எண்ணியிருக்கிறார்கள். நீளம் குறையக் குறைய ஜி குறைந்தால், பூட்டின் மையம்வரை அளக்காமல் முடிச்சோடு நிறுத்திவிட்டார்கள். 2 செ.மீ. விட்டுப்போனால் 100 செ.மீ. ஊசலில் 9.6 வரும், 25 செ.மீ.யில் 9.0 ஆகிவிடும்.

சிமுலேஷன் இதற்கு அப்புறம்தான். அதில் கைப்பிசகு இல்லை, அதனால் பிழையைக் கற்றுத்தராது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்து ஊசல் ஆய்வகம் செல்போன் உலாவியிலேயே ஓடும். அதிலுள்ள 'எக்ஸ் கோள்' எவ்வளவு ஈர்க்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வது அருமையான வீட்டுப்பாடம்.

பதில்: பியூரெட்

தரம்பார்த்தலை வீட்டுக்கு அனுப்பவே வேண்டாம். சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணில் தெறித்தால் கவனிக்க ஆளிருக்காது.

பதிவு செய்யுங்கள். ஆனால் முடிவைக் காட்டும் நிறங்காட்டியான பினாப்தலீனின் வெளிர் இளஞ்சிவப்பு வீடியோவில் காணாமல் போகும். கேமரா வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானாகத் திருத்தி அந்தச் சாயலை அழித்துவிடும். மிச்சத்தை வீடியோ சுருக்கம் தின்றுவிடும். வெண்சமநிலையையும் ஒளியளவையும் பூட்டிவிட்டு, குடுவைக்குப் பின்னாலும் அடியிலும் வெள்ளைத்தாள் வையுங்கள். முடிவுநிலைக்கு (நிறம் மாறி நிலைக்கும் கட்டம்) சற்று முன், முடிவுநிலை, ஐந்து சொட்டு கூடுதல் என மூன்று குடுவைகளை அருகருகே வைத்து ஒரு புகைப்படமும் எடுங்கள். உடனே எடுக்க வேண்டும், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடால் நடுக்குடுவை நிறம் மங்கும்.

பியூரெட் (திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக்குழாய்) அளவீட்டைப் படங்களாகக் கொடுத்து 0.05 மி.லி. வரை படிக்க வையுங்கள், தொடக்க அளவு, இறுதி அளவு என ஆளுக்கொரு ஜோடி. லென்ஸ் திரவ மட்டத்துக்கு நேராக இருக்கட்டும்.

பதில்: தராசுமுள்

நிறை மாறா விதிக்கு ஜிப் பையில் வினிகரும் பேக்கிங் சோடாவும் போடச் சொல்வார்கள். வேண்டாம். பை உப்பும்போது விலக்கும் காற்று, லிட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிராம், அதை மேலே தூக்கும். 20 மி.லி. வினிகருக்குக் கால் தேக்கரண்டி சோடா, அதாவது 1.2 கிராம் போட்டால், 0.35 லிட்டர் வாயு வரும். 0.1 கிராம்வரை காட்டும் தராசில் 0.4 கிராம் குறையும். கசிவே இல்லாத பையில் இப்படி! 'நிறை குறைந்தது' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள்.

உப்பாத பாத்திரம் வேண்டும். குளிர்பானம் வந்த 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் சரியாக இருக்கும். அதே 20 மி.லி. வினிகர், அதே 1.2 கிராம் சோடாதான். சோடாவை டிஷ்யூ தாளில் பொட்டலமாக மடித்து, பாட்டில், வினிகர், மூடி, பொட்டலம் எல்லாம் சேர்த்து முதல் எடை. பொட்டலத்தைப் போட்டு, அது நனையும் முன் மூடியை இறுக்குங்கள். நுரை அடங்கியதும் இரண்டாவது எடை மாறாது. மூடியைத் திறந்து, சீறி முடித்ததும் மூன்றாவது எடை சுமார் அரை கிராம் குறையும். சோடாவைக் கூட்டக் கூடாது. கண்ணாடி பாட்டில் எந்த அளவிலும் கூடாது.

கேள்வி கேட்டவர்: பாடத்திட்டம்

நன்றி. 1 கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு மட்டும் இருந்தால்?

பதில்: தராசுமுள்

அதில் அரை கிராம் தெரியாது சார். அவர்களுக்குத் திறந்த பாத்திரம் மட்டும். குறைந்தது 1 லிட்டர் கொள்ளும் கிண்ணத்தில் 100 மி.லி. வினிகர், 7 கிராம் சோடாவைச் சிறிது சிறிதாக. இந்த அளவை எதிலும் மூடக் கூடாது, 2 லிட்டர் அளவுக்கு வாயு வரும். கணக்குப்படி 3.7 கிராம் குறைய வேண்டும். கொஞ்சம் வாயு திரவத்திலேயே தங்குவதால் தராசு 3 என்றும் காட்டலாம். மூடிய பாட்டிலின் எடைகளை நீங்கள் எடுத்த படங்களாகக் கொடுத்து ஒப்பிட வையுங்கள். இன்னொன்று: இந்தத் தராசுகள் சில நிமிடத்தில் தானாக அணையும், பூஜ்யமாக்கிய அளவும் அதோடு போய்விடும். கிண்ணத்தோடு சேர்த்து மொத்த எடையையே குறிக்கச் சொல்லுங்கள்.