சொந்த லொறியா, கம்பனி வேலையா? ஓடியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே. நான் ஹட்டன் பக்கம், தேயிலைத் தூள் ஏற்றிக் கொழும்புக்கு ஓடும் கம்பனி லொறிச் சாரதி. மாமா ஒருவர் தன் பழைய கென்டர் லொறியைத் தருகிறேன் என்கிறார். கொஞ்சம் கையில், மிச்சம் லீசிங். நுவரெலியா மரக்கறியைத் தம்புள்ளை, பேலியகொடை மொத்தச் சந்தைகளுக்கு ஏற்றினால் ஹயருக்கு, அதாவது வாடகை ஓட்டத்துக்கு, குறைவில்லையாம்.

கம்பனிச் சம்பளம் பெரிதில்லை. ஆனால் ஈபிஎப் என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு என் 8 வீதத்தோடு அவர்கள் 12 வீதம் போடுகிறார்கள், ஈடிஎப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் தனி. டயர் போனாலும் என் செலவில்லை. சொந்த வண்டி என்றால் எல்லாம் நம் தலையில். கினிகத்தேனை இறக்கத்தில் பாரத்தோடு வந்தால், கியரில் பிடித்து இறக்கினாலும் பிரேக் லைனர் கருகும் வாசனை வரும். மழைக்கு மண் சரிந்து பாதை மூடினால் மரக்கறி அழுகும், லீசிங்காரர் தவணைக்குப் பொறுப்பாரா?

வீட்டில், "ஈபிஎப் உள்ள வேலையை விடாதீங்க" என்கிறார். எனக்கோ ஆசை விடவில்லை.

சரி, தவணை, டீசல், கிளீனர் கூலி, டயர் எல்லாம் போக மாதம் கையில் என்ன நிற்கிறது? முக்கியமாக, தம்புள்ளையிலிருந்து திரும்பும்போது சாமான் கிடைக்குமா, வெறும் லொறியாகத்தான் ஏற வேண்டுமா? வாகன புரோக்கர்மார் தயவுசெய்து இன்பொக்ஸ் வரவேண்டாம்.