அந்த 0.2 லித்தியத்தின் பங்கே இல்லை

உப்புமூட்டை:
"பேட்டரிக்கான பி.இ.ஓ. பாலிமரில் லித்தியம் டி.எஃப்.எஸ்.ஐ. உப்பைக் கலந்து ப்ரூஸ்–வின்சென்ட் முறையில் (சிறு மின்னழுத்தம் கொடுத்து, நிலைத்த மின்னோட்டத்தைத் தொடக்க மின்னோட்டத்தோடு ஒப்பிடுவது) அளந்தால் லித்தியத்தின் பெயர்ச்சி எண் 0.2 வருகிறது. மின்னோட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு லித்தியம். லித்தியமும் எதிரயனியும் ஒட்டிக்கொள்ளும் அயனி ஜோடி பற்றியது வீண் பயம்" என்கிறார் மின்கலன். எத்தனை தடவை சொல்வது? அந்தச் சமன்பாடு அயனிகள் ஒன்றையொன்று பாதிக்காத நீர்த்த கரைசலுக்கு. 10 மில்லிவோல்ட் கொடுத்துக் காத்திருந்தால் ஒரு முனையில் உப்பு கூடி மறுமுனையில் குறைந்து செறிவுச் சரிவு உண்டாகும். மின்சுமையில்லாத ஜோடியும் அதில் லித்தியத்தைச் சுமந்து போகும். அதையும் சேர்த்துத்தான் உங்கள் 0.2.

மின்கலன்:
0.2 அளந்த எண், கற்பனை அல்ல. பி.இ.ஓ. சங்கிலியின் ஐந்தாறு ஈத்தர் ஆக்சிஜன் லித்தியத்தைச் சுற்றி நிற்கையில் ஜோடி எங்கிருந்து வரும்? 20 ஈத்தர் ஆக்சிஜனுக்கு 1 லித்தியம் என்ற 20:1 விகிதத்தில், ராமன் நிறமாலையில் ஜோடி சேராத எதிரயனியின் 740 செ.மீ⁻¹ முகடுதான் ஓங்கி நிற்கிறது. உப்பு கூடக் கூடக் கடத்துத்திறன் விழுவது பாலிமர் சங்கிலி இறுகுவதால்.

உப்புமூட்டை:
இறுக்கம் என்று சொல்லித் தப்ப முடியாது. ஒரே மாதிரியில் லித்தியம்-7, எதிரயனியில் உள்ள ஃபுளூரின்-19 இரண்டின் விரவலையும் என்.எம்.ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வில்) எடுத்து, விரவலிலிருந்து கடத்துத்திறனைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட்–ஐன்ஸ்டீன் சமன்பாட்டில் போடுங்கள். மாறுமின்னோட்டம் செலுத்தி மின்மறுப்பில் அளந்த கடத்துத்திறனைவிட அதிகமாக வரும். இறுக்கம் இரண்டுக்கும் பொதுதானே? மிச்சம், அயனிகள் சேர்ந்து நகர்வதால் வந்தது.

உலர்பெட்டி:
இருவரும் முதலில் உப்பைக் காயவைத்தீர்களா? 120 டிகிரி, வெற்றிடம், ஒரு நாள். ஈரம் இருந்தால் சங்கிலி இளகிக் கடத்துத்திறன் பொய்யாக ஏறும். 20:1 என்றால் 1 கிராம் பி.இ.ஓ.வுக்கு 0.326 கிராம் உப்பு.

மின்கலன்:
எடை போடத் தெரியாமலா இங்கே வந்தோம்? பேச்சு 0.2 பற்றி.

உப்புமூட்டை:
சரி, 0.2. தொடக்க மின்னோட்டத்தை எப்படி எடுத்தீர்கள்? கருவி மெதுவாகப் பதிந்தால் முதல் புள்ளிக்குள்ளேயே மின்னோட்டம் சரிந்திருக்கும். வகுக்கும் எண் சிறுத்து, விகிதம் ஊதிப்போகும். 10 மில்லிவோல்ட்டை மொத்த மின்தடையால் வகுத்து எடுங்கள். முனைவாக்கத்துக்கு, அதாவது அந்த 10 மில்லிவோல்ட்டில் காத்திருப்பதற்கு, முன்னும் பின்னும் மின்முனையும் பாலிமரும் தொடும் இடைமுகத் தடையை அளக்காதவர்கள் 0.2 என்று பேசவே கூடாது. கடத்துத்திறன், உப்பு விரவல், செறிவுக் கலம், நிலை மின்னோட்டம் நான்கையும் சேர்த்து 2017இல் வெளியான ஆய்வில் சில செறிவுகளில் லித்தியத்தின் பெயர்ச்சி எண் எதிர்க்குறியாகவே வந்தது.

மின்கலன்:
எதிர்க்குறியா! அப்படியானால் எந்த பாலிமர் பேட்டரியும் சார்ஜ் ஆகக் கூடாதே?

உப்புமூட்டை:
ஆகும். ஒரு லித்தியத்தை இரண்டு எதிரயனி பற்றிய கொத்துக்கு எதிர்மின்சுமை; மின்புலத்தில் அது லித்தியத்தைத் தப்பான பக்கம் இழுக்கும். செறிவுச் சரிவில் உப்பு விரவி லித்தியத்தைக் கொண்டு சேர்க்கிறது. சரிவு அதிகமானால் ஒரு முனையில் உப்பு வற்றிப்போகும், அவ்வளவுதான்.

உலர்பெட்டி:
என் 120 டிகிரிக்குப் பதில் வரவில்லை.

மின்கலன்:
மறுபடி சொல்கிறேன்: 0.2. அளந்தது.